தோட்டத்துக் குதிரையை விக்கறேன் – விலையும் விளம்பரமும் பாத்துச் சொல்லுங்க

தோட்டத்துக்காரன்_கோபி

எல்லாருக்கும் வணக்கமுங்க. நம்ம தோட்டத்துல இருக்கற பொட்டைக் குதிரையைக் குடுத்துரலாம்னு இருக்கேன். ஏறி ஓட்டிட்டு இருந்தது பையன்தான். அவன் வேலைக்கு வெளிநாடு போயிட்டான். எனக்கு முட்டி வலி, ஏற முடியாது. சும்மா கட்டி வெச்சுத் தீனி போட மனசு வரலீங்க. தரகர் வேண்டாம், நேரா ஒரு நல்ல எடத்துக்குப் போகணும்.

அந்தியூர் குருநாதசாமி கோயில் தேர்த்திருவிழாவுல கூடற குதிரைச் சந்தைக்கு ஓட்டிட்டுப் போலாம்னுதான் இருந்தேன். ஆனா அந்தக் கூட்டத்துல நின்னு பேசறதுக்கு நமக்குச் சாமர்த்தியம் போதாது. அதனால நெட்டுல போட ஒரு விளம்பரம் எழுதியிருக்கேன்:

"ஒரிஜினல் மார்வாரி இனப் பெண் குதிரை விற்பனைக்கு. வயது 7. உயரம் 62 இஞ்ச். சுழி சுத்தம். மிகவும் சாது, குழந்தைகூட ஓட்டலாம். சினையாக இருக்க வாய்ப்பு. எந்தக் குறையும் இல்லை. விலை நேரில். சும்மா விசாரிப்பவர்கள் தவிர்க்கவும்."

வாங்கினது 1,60,000. கால் வைத்தியத்துக்கு ஒரு 40,000 ஆச்சு. தீவனம் மாசம் 9,000 ஓடுது. 2,50,000 கேக்கலாமுங்களா? போட்டோ, பல்லு போட்டோ எல்லாம் கீழ போட்டிருக்கேன்.

அடையாறு_சவாரி

சார், விளம்பரத்துல "எந்தக் குறையும் இல்லை"ன்னு இருக்கு. அதுக்குக் கீழேயே "கால் வைத்தியத்துக்கு 40,000"ன்னு இருக்கு. ரெண்டையும் ஒரே பதிவுல படிச்சதும் சிரிப்பு வந்துடுச்சு, மன்னிச்சுக்கோங்க. ஆனா குதிரை தேடி அலையிற எங்களை மாதிரி ஆளுங்க தினமும் பார்க்கற விளம்பரம் இதுதான், உங்களை மட்டும் சொல்லலை.

வாங்கறவ பக்கத்துல இருந்து படிக்கறேன். "மிகவும் சாது" – யாருக்குச் சாது? தீனி போடற ஆளுக்கா, முதல்முறை மேல ஏறற ஆளுக்கா? "குழந்தைகூட ஓட்டலாம்" – இதைவிட ஆபத்தான வரி குதிரை விளம்பரத்துல கிடையாது. எந்தக் குழந்தை, எங்கே, யார் கயிறு பிடிச்சிருந்தப்போ ஓட்டுச்சு? உங்க பையன் போனதுக்கப்புறம் யாராவது மேல ஏறியிருக்காங்களா? ரொம்ப நாள் சும்மா நின்ன குதிரை பழைய குதிரையா இருக்காது. கடைசியா எப்போ சவாரி போச்சுன்னு எழுதிட்டா அந்த ஒரு வரி போதும்.

"விலை நேரில்"னு பார்த்தா நான் போனே பண்ண மாட்டேன். முந்நூறு கிலோமீட்டர் வந்து நின்னப்புறம்தான் விலை தெரியணுமா?

லாடம்_பெருந்துறை

கோபி தம்பி, கால்ல என்ன ஆச்சு? மொதல்ல அதைச் சொல்லு. வெலை அப்புறம்.

தோட்டத்துக்காரன்_கோபி

போன வருசம் வாய்க்கால் மேட்டுல எறங்கும்போது முன் வலது கால் இடறிடுச்சுங்க. முழங்காலுக்குக் கீழ பின்பக்கம் வீங்கிடுச்சு. டாக்டர் ஸ்கேன் எடுத்து, தசைநாண்ல அடின்னு சொன்னாரு. மாசக்கணக்குல கட்டிப்போட்டு, அப்புறம் கையில பிடிச்சு நடக்க வெச்சு, இப்ப நல்லா நடக்குது. நொண்டல் இல்லீங்க. தொட்டுப் பாத்தா அந்த எடம் கொஞ்சம் தடிப்பா இருக்கும்.

ரேக்ளா_ராசா

நல்லாத்தான நடக்குது, அப்புறம் என்னத்துக்கு ஊரெல்லாம் தம்பட்டம்? ஏனுங்ணா, சந்தையில எவன் தன் உருப்படிக்குக் கொறை சொல்லி விக்கறான்? வாங்கறவனுக்குக் கண்ணு இருக்கு, கை இருக்கு. காலைத் தடவிப் பாக்கட்டும், ஓட்டிப் பாக்கட்டும். பாக்கத் தெரியலைன்னா தெரிஞ்சவனைக் கூட்டிட்டு வரட்டும். கொறையெல்லாம் எழுதுனீங்கன்னா கேக்கற மொத ஆளே பாதி வெலைக்குக் கேப்பான். 2.50 போடுங்க. 1.80ல முடிங்க.

மதுரை_வக்கீல்

ராசா அண்ணன் சொல்றதுல பாதி சட்டத்துலயே இருக்கு. மீதிப் பாதியும் இருக்கு, ஆனா அவருக்கு எதிரா.

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 17. மோசடின்னா என்னன்னு சொல்ற பிரிவு. அதுக்கு உதாரணமாச் சட்டத்துலயே குதிரையைத்தான் எழுதி வெச்சிருக்கான். குதிரைக்கு உடம்பு சரியில்லைன்னு விக்கறவனுக்குத் தெரியும். ஏலத்துல விடறான், ஒண்ணும் சொல்லலை. அது மோசடி இல்லை. இது முதல் உதாரணம். ராசா அண்ணன் சந்தோசப்படலாம்.

ரெண்டாவது: வாங்கறது அவனோட மகள், அப்பதான் மேஜர் ஆனவள். அப்படின்னா சொல்ல வேண்டிய கடமை உண்டு. மூணாவதுதான் நமக்கு வேணும்: வாங்கறவன் கேக்கறான், "நீங்க இல்லைன்னு சொல்லலைன்னா குதிரை நல்லா இருக்குன்னே எடுத்துக்குவேன்". விக்கறவன் வாயைத் திறக்கலை. அந்த மௌனம் பேசினதுக்குச் சமம்.

வாங்கறவங்க யாராவது இதைப் படிச்சா, கிளம்பறதுக்கு முன்னாடி வாட்ஸப்புல ஒரே ஒரு மெசேஜ் அனுப்புங்க: "குதிரைக்குக் கால், கண்ணு, மூச்சு, குணம் எதுலயும் பழைய குறையோ வைத்தியமோ இல்லைன்னு எடுத்துக்கிறேன். இருந்தா இப்பவே சொல்லிடுங்க." அவ்வளவுதான். ரெண்டு நீல டிக் விழுந்தப்புறம் பதில் வரலைன்னா அது உங்களுக்குச் சாட்சி.

கோபி அண்ணே, உங்க விஷயம் மௌனமே கிடையாது. "எந்தக் குறையும் இல்லை"ன்னு எழுத்துல போடறீங்க, கையில ஸ்கேன் ரிப்போர்ட் இருக்கு. அது வெறும் பொய். இன்னொன்னு, "ஒரிஜினல் மார்வாரி". விவரம் சொல்லி வித்தா பொருள் அந்த விவரத்துக்குப் பொருந்தணும்னு சரக்கு விற்பனைச் சட்டம் 1930, பிரிவு 15 சொல்லுது. பேப்பர் இருக்கா?

தோட்டத்துக்காரன்_கோபி

பேப்பர் ஒண்ணும் இல்லீங்க. காது ரெண்டும் உள்பக்கமா வளைஞ்சு நுனி தொட்டுக்கும். அதை வெச்சு மார்வாரின்னு சொல்லித்தான் எனக்கும் குடுத்தாங்க.

கால்நடை_நாமக்கல்

காது வளைவை மட்டும் வைத்து மார்வாரி என்று எழுத முடியாது. குஜராத்தின் கத்தியவாரி இனத்துக்கும் காது அப்படித்தான் வளையும். கலப்புக் குட்டிக்கும் அந்தக் காது வரலாம். பதிவு செய்த மார்வாரி என்றால் சிப், பதிவுச் சான்று என்று ஏதாவது கையில் இருக்கும். இல்லாவிட்டால் "மார்வாரி கலப்பு, பேப்பர் இல்லை" என்று எழுதுங்கள். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

பல் படங்களைப் பார்த்தேன். ஏழு வயது கிடையாது. மேல்வரிசையில் கடைசி வெட்டுப்பல்லில், ஈறு ஓரத்திலிருந்து ஒரு கோடு இறங்க ஆரம்பித்திருக்கிறது, பழுப்பாகத் தெரிகிறது பாருங்கள். அது சுமார் பத்து வயதில் தலைகாட்டும், பதினைந்தில் பாதிப் பல் வரை வரும், இருபதில் முழு நீளமும் ஓடும். ஐந்து வயதில் பால் பல் எல்லாம் விழுந்து வாய் நிறைந்துவிடும். அதுவரை வயதைக் கிட்டத்தட்டச் சரியாகச் சொல்லலாம். ஆறிலிருந்து எட்டுக்குள் கீழ்வரிசைப் பற்களின் குழி நடுவிலிருந்து ஓரம் நோக்கி வரிசையாகத் தேயும். அதற்கப்புறம் எந்த மருத்துவர் சொன்னாலும் மதிப்பீடுதான், தீனியும் மண்ணும் பொறுத்து மாறும். உங்கள் குதிரைக்கு 10 முதல் 11 என்பேன். "பல்லை வைத்து" என்ற சொல்லையும் சேர்த்தே எழுதுங்கள்.

தேய்ந்த பல்லில் குழி தோண்டிக் கருப்பாக்கி, வயதைக் குறைத்துக் காட்டும் வேலை உலகம் முழுக்க உண்டு. ஆனால் அந்தப் பக்கவாட்டுக் கோட்டை அழிப்பது சுலபமல்ல. வாங்குபவர்கள் முதலில் அங்கே பாருங்கள்.

சினை: "வாய்ப்பு" என்று எழுதாதீர்கள். ஆண் குதிரையோடு சேர்த்தீர்களா? சேர்த்து மூன்று வாரம் ஆகியிருந்தால் ஸ்கேனில் தெரிந்துவிடும். சேர்க்கவில்லை என்றால் அந்த வரியே வேண்டாம்.

தோட்டத்துக்காரன்_கோபி

சேக்கலீங்க டாக்டர். பக்கத்துத் தோட்டத்துல ஒரு ஆண் குதிரை இருக்குது, அவ்வளவுதான். 😅

புதுக்குதிரை

ஹாஹா, வேலிக்கு அந்தப் பக்கம் நின்னாலே சினையா!

எனக்கு ஒரு சந்தேகம், நான் வாங்கற கட்சி. எல்லா விளம்பரத்துலயும் 62, 63, 64 இஞ்ச்னு இருக்கு. நேர்ல போனா என் நெஞ்சு உயரம்கூட இல்லை. எங்கேருந்து அளக்கறாங்க?

லாடம்_பெருந்துறை

தலையைத் தூக்கிப் பிடிச்சு காது வரைக்கும் அளப்பான் போல!

கழுத்துப் பிடரி முடியற எடத்துல, ரெண்டு தோளுக்கும் நடுவுல ஒரு எலும்பு மேடு இருக்கும். தரையில இருந்து அது வரைக்கும்தான் ஒசரம். சிமெண்ட் தரையில நிறுத்தி, நாலு காலும் நேரா வெச்சு, நட்டமா ஒரு குச்சி, மேல குறுக்கா ஒரு சட்டம். டேப்பை வயித்து மேல வளைச்சுப் பிடிச்சா ரெண்டு மூணு இஞ்ச் கூடும். லாடம் இருந்தா அதுவும் கொஞ்சம் கூடும். கோபி தம்பி போட்டோவுல பக்கத்துல நிக்கற ஆளைப் பாத்தா குதிரை 58 தாண்டாது. அளந்து பாத்துட்டு எழுது.

போட்டோவும் மாத்திப் போடு. கீழ உக்காந்து மேல பாத்து எடுத்தா எந்த மட்டக்குதிரையும் ஐராவதம் மாதிரித்தான் தெரியும். சமதரையில நிறுத்தி ரெண்டு பக்கமும், முன்னாடி, பின்னாடி. நாலு குளம்பும் கழுவிட்டு ஒரு போட்டோ. அந்த வீங்கின கால் கிட்டத்துல ஒண்ணு. வீடியோன்னா சேணம் போடாம, கயித்தைத் தளர விட்டு, நடந்து போய்த் திரும்பி வரணும், அப்புறம் துள்ளு நடையில ஒரு தடவை. பாட்டு போடாத. குளம்புச் சத்தம் கேக்கணும். நாலு காலும் ஒரே தாளமா விழுதான்னு காதுலயே தெரியும்.

அடையாறு_சவாரி

பாட்டு போடாதீங்க – இதை இந்த இழைக்கு மேலேயே ஒட்டி வைக்கணும். 🙏

ரேக்ளா_ராசா

சரி, சுழிக்கு வாங்க. போட்டோவுல எடது கண்ணுக்குக் கீழ ஒரு சுழி தெரியுது. "சுழி சுத்தம்"னு போட்டிருக்காரு. நேர்மை நேர்மைன்னு பேசறவங்க இதுக்கு என்ன சொல்றீங்க? எங்க பக்கம் கண்ணுக்குக் கீழ சுழி இருந்தா சும்மா குடுத்தாலும் கட்ட மாட்டாங்க. கழுத்துல நீளமா ஓடினா அது தேவமணி, அதுக்குத் தனி வெலை.

கால்நடை_நாமக்கல்

முடி சுழன்று வளர்வதற்கும் குதிரையின் காலுக்கும் மூச்சுக்கும் சம்பந்தம் இல்லை. அதற்கு விலை குறைப்பது எனக்கு ஏற்பில்லை.

லாடம்_பெருந்துறை

டாக்டர் சார், உங்களுக்குச் சம்பந்தம் இல்லை, எனக்கும் இல்லை. ஆனா நாளைக்கு வாங்கினவன் விக்கப் போனா சந்தையில அந்தச் சுழியைப் பாப்பாங்க. அப்ப அவன் கையில இருந்து காசு போகுதில்ல? நம்பறவனுக்கு அது கொறை, நம்பாதவனுக்கு வெறும் முடி. சொல்லிட்டா நம்பறவன் வண்டி வாடகை குடுத்து வந்து திரும்பிப் போக மாட்டான். வெலையைக் கொறைக்கறதா வேண்டாமாங்கறது வேற பேச்சு.

மதுரை_வக்கீல்

நம்பாத ஆளுக்கு வித்தா ஏன் குறைக்கணும்? அதேசமயம் "சுழி சுத்தம்"னு எழுதினா அது தப்பான விவரம்தான். சந்தையில அந்தச் சொல்லுக்கு ஒரு அர்த்தம் இருக்கு, வாங்கறவன் அந்த அர்த்தத்துலதான் படிப்பான்.

வாதவூரர், அதான் மாணிக்கவாசகர், கதை ஞாபகம் வருது. பாண்டியன் குதிரை வாங்க அவர்கிட்டக் குடுத்த பணம் கோயில் கட்டப் போயிடுச்சு. சிவன் நரியையெல்லாம் பரியாக்கி, தானே குதிரை வியாபாரியா மதுரைக்கு ஓட்டிட்டு வந்தார். கயிறு மாறிக் கொடுத்தாச்சு, இனிமே உன் குதிரை, என் பொறுப்பு இல்லைன்னு சொல்லிட்டுப் போனார். ராத்திரியே குதிரையெல்லாம் நரியாகி ஊளை. விக்கறவர் கடவுளா இருந்தாலும் கயிறு மாறறதுக்கு முன்னாடி பல்லைப் பாத்திருக்கணும் பாண்டியன். 😄

புதுக்குதிரை

இப்போ அதே வேலையை "ஆர்மி ஆபீசர்"னு சொல்லிட்டு க்யூஆர் கோடு அனுப்பறவன் பண்றான். எனக்கு வந்த மெசேஜ்ல குதிரை மிலிட்டரி லாரியில வருமாம், பாதி பணம் முன்னாடியே போடணுமாம்.

தோட்டத்துக்காரன்_கோபி

அளந்து பாத்தேனுங்க, 58தான். பல்லு, சுழி எல்லாம் மாத்தி எழுதிடறேன். வெலைதான் கொழப்பமா இருக்குது. போட்ட காசு வரவேண்டாமுங்களா?

லாடம்_பெருந்துறை

போட்ட காசு வராது தம்பி. 9,000 தீனி குதிரை தின்னாச்சு. அதுக்குப் பதிலா உம் பையன் ஏறி ஓட்டினான், கணக்குச் சரி. வைத்தியக் காசு காலைப் பழைய நெலைக்குக் கொண்டுவரத்தான் போச்சு, மேல ஏத்த இல்லை. வெலையில அந்த 40,000 ஏறாது, எறங்கத்தான் செய்யும். ஏன்னா ஒருதடவை அடிபட்ட நாண் மறுபடி அதே எடத்துல போக வாய்ப்பு ஜாஸ்தி. சரிதானே டாக்டர்?

இன்னொன்னு, நெட்டுல பாக்கற வெலையை வெச்சுக் கணக்குப் போடாத. அது கேட்ட வெலை. போன வெலை வேற. ஒரு வருசமா அதே போட்டோ அதே வெலையில நிக்கற குதிரை எத்தனை இருக்கு பாரு. உனக்குத் தெரிஞ்ச எடத்துல உண்மையா கை மாறின குதிரை என்னத்துக்குப் போச்சுன்னு நாலு பேரைக் கேளு. சந்தையில துண்டுக்குள்ள கையை விட்டு வெரலைப் பிடிச்சு வெலை பேசறதால பக்கத்துல நிக்கறவனுக்கும் தெரியாது. அதனாலதான் இந்தத் தொழில்ல நெஜ வெலை யாருக்கும் தெரியறதில்லை, தரகருக்குத் தவிர.

எனக்குத் தெரிஞ்சு இந்தப் பக்கம் நல்ல கால், ஏழு எட்டு வயசு, சவாரிக்குப் பழகின கலப்புப் பொட்டை ஒன்னரை லட்சத்துக்கு முன்னப்பின்ன போச்சு. அதுலருந்து ஆரம்பி. வயசுக்குக் கொஞ்சம், காலுக்குக் கொஞ்சம் கழி. நல்லதையும் கூட்டு: மேல ஏற அசையாம நிக்குமா? ரோட்டுல பஸ்ஸு, டிராக்டருக்குப் பயப்படுமா? டாடா ஏஸ்ல சண்டை போடாம ஏறுமா? வண்டி ஏறாத குதிரையை வாங்கிட்டு அரை நாள் ரோட்டுல நிக்கறவனைக் கேட்டா அதோட வெலை தெரியும்.

தோட்டத்துக்காரன்_கோபி

ஏற நிக்கும். டிராக்டர் பஸ்ஸு பழக்கம். பின்னாடி வந்து ஏர் ஹாரன் அடிச்சா மட்டும் ஒதுங்கும். வண்டியில சொன்னதும் ஏறும். பின்கால் லாடம் கட்டறப்ப மட்டும் ரெண்டாள் வேணுமுங்க.

ரேக்ளா_ராசா

அதையும் எழுதிடுங்க, ராத்திரி கனவுல கனைக்கும்னு சேத்துக்குங்க. 50,000க்குப் போகும். 😂

அடையாறு_சவாரி

ராசா சார், கிண்டல் இருக்கட்டும், ஆனா 50,000ங்கறது கோபி சார் கவனிக்க வேண்டிய எண். ரொம்பக் குறைச்சுப் போட்டாலும் தப்புதான். சல்லிசா வந்தா யார் வாங்குவாங்க? பீச்சுல நாள் முழுக்க சுத்த விடறவங்க, கல்யாணத்துல பட்டாசுக்கு நடுவுல நிறுத்தறவங்க, நாலு மாசம் ஓட்டிட்டு கால் போனதும் ரோட்டுல விடறவங்க. அந்தக் கால் அதைத் தாங்காது. சவாரிக்கு மட்டும்னு தேடற ஆள் 1,20,000க்கும் வருவார், காலைப் பத்தி முன்னாடியே தெரிஞ்சா இன்னும் நிம்மதியா வருவார்.

ரேஸ்ல ஓய்வு பெற்ற தரோபிரெட் இனக் குதிரை வாங்கினப்போ நான் அப்படித்தான் போனேன். என்ன காயம்னு டிரெயினர் முதல் போன்லயே சொல்லிட்டார். அவர்கிட்ட பேரம்கூடப் பேசலை.

பேரத்துக்கு இடம் விட்டு ஏத்திப் போடறதைப் பத்தி: பத்தாயிரம் வரைக்கும் எல்லாரும் எதிர்பார்க்கறதுதான். இரண்டு மடங்கு போட்டா, குதிரையைப் பத்தி எழுதினதையும் பாதியாத்தான் நம்புவாங்க.

கால்நடை_நாமக்கல்

லாடம் ஐயா கேட்டதற்கு: ஆம், நாண் காயம் திரும்ப வரக்கூடியது. ஆறியது போல் தெரிந்தாலும் பழைய வலு முழுமையாகத் திரும்பாது. மெதுவான சவாரிக்குப் பிரச்சினை இல்லாமல் பல வருடம் நிற்கும் குதிரைகளும் உண்டு. ஓட்டம், தாண்டல், பாரம் கூடாது. அதனால் "என்ன வேலைக்குத் தருகிறோம், என்ன வேலைக்குத் தரமாட்டோம்" என்ற வரி விலையைவிட முக்கியம்.

பரிசோதனை பற்றி. விற்பவரின் மருத்துவர் தந்த சான்று இருக்கிறது என்று பலர் விளம்பரத்தில் போடுகிறார்கள். கேட்டுப் பார்த்தால் அது லாரியில் ஏற்றத் தகுதி என்ற பயணச் சான்றாக இருக்கும். அதற்கும் குதிரை சவாரிக்குத் தகுதியா என்பதற்கும் சம்பந்தமில்லை. வாங்குபவர் தன் மருத்துவரை அழைத்து வரட்டும், பணம் அவரே கொடுக்கட்டும். குதிரையை முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைக்காதீர்கள். கொட்டகையில் நிற்கும் நிலையிலிருந்து பார்க்க வேண்டும். கெட்டித் தரையில் நேராக நடை, துள்ளு நடை, இரு பக்கமும் வட்டம், காலை மடக்கிப் பிடித்துவிட்டு ஓடச் செய்வது, இருட்டில் டார்ச் அடித்துக் கண், ஓட்டிய பின் மூச்சு. வலி மருந்து கொடுத்து நொண்டலை மறைப்பது உண்டு. பினைல்பூட்டசோன் கொடுத்தால் சில நாள் வலி தெரியாது. சந்தேகம் இருந்தால் ரத்தம் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

கிளாண்டர்ஸ் ரத்தப் பரிசோதனை செய்திருந்தால் தேதியோடு எழுதுங்கள். மனிதருக்கும் தொற்றும் நோய். 2009ஆம் ஆண்டு விலங்குத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி அரசுக்குத் தெரிவிக்க வேண்டியது, உறுதியானால் குதிரையைக் கருணைக் கொலைதான் செய்வார்கள். அதற்குப் பேரம் கிடையாது.

தோட்டத்துக்காரன்_கோபி

ரத்தம் எடுத்துக் குடுத்து, ரிப்போர்ட் நெகட்டிவ்னு வந்துருச்சுங்க. இப்ப பாருங்க:

"பெண் குதிரை விற்பனைக்கு, கோபிசெட்டிபாளையம் பக்கம். மார்வாரி கலப்பு, பேப்பர் இல்லை. வயது பல்லை வைத்து 10–11. உயரம் 58 இஞ்ச், லாடம் இல்லாமல் அளந்தது. செவலை, பிடரியும் வாலும் கருப்பு. இடது கண்ணுக்குக் கீழ் சுழி உண்டு.

சென்ற வருடம் முன் வலது காலில் நாண் காயம். ஸ்கேன் ரிப்போர்ட் தருகிறோம். தடிப்பு இருக்கிறது, நடையில் நொண்டல் இல்லை. மெதுவான சவாரிக்கு மட்டும். பந்தயம், வண்டி, வாடகைச் சவாரிக்குத் தரமாட்டோம்.

பழகிய ஆள் ஓட்டலாம். கற்றுக்கொள்பவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஏற்றதல்ல. ஏற அசையாமல் நிற்கும், வண்டியில் ஏறும், ஏர் ஹாரனுக்கு ஒதுங்கும். பின்காலுக்கு லாடம் கட்ட இருவர் வேண்டும். பையன் வெளிநாடு போனதால் சில மாதமாகச் சவாரி இல்லை, விற்கவும் அதுதான் காரணம். கிளாண்டர்ஸ் நெகட்டிவ். சினை இல்லை.

விலை 1,25,000. கொஞ்சம் பேசலாம். உங்கள் டாக்டரை அழைத்து வாருங்கள்."

அடையாறு_சவாரி

இதைப் படிச்சா எனக்கே வாங்கணும்போல இருக்கு.

ரேக்ளா_ராசா

இந்த இழை நீளத்துக்கு எழுதினா எவன் படிப்பான்.

தோட்டத்துக்காரன்_கோபி

படிச்சவங்க மட்டுந்தான் கூப்பிடறாங்க அண்ணா, அதுவே நிம்மதியா இருக்குது. மொதல்ல சேலம் பக்கத்துல இருந்து ஒருத்தர் டாக்டரோட வந்தாரு. முன்னங்காலைப் பத்தி ஒண்ணும் சொல்லலை. பின் இடது காலை மடக்கிப் பிடிச்சு ஓட விட்டப்ப ரெண்டு மூணு எட்டு இழுத்துச்சு. மூட்டுல தேய்மானம் ஆரம்பமா இருக்கலாம்னாரு. அவங்க வேண்டாம்னு போயிட்டாங்க. ரிப்போர்ட் அவங்ககிட்ட இருக்குது. அடுத்து வர்றவருக்கு இதைச் சொல்லோணுமுங்களா? எனக்கு முன்னாடி தெரியாத விசயம்.

கால்நடை_நாமக்கல்

ரிப்போர்ட் பணம் கொடுத்தவருடையது. அவர் அனுமதி இல்லாமல் அதைக் காட்ட வேண்டாம். ஆனால் அங்கே நின்று நீங்களே கண்ணால் பார்த்தீர்களே, அதைச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும்.

மதுரை_வக்கீல்

நேத்து வரைக்கும் "எனக்குத் தெரியாது"ன்னு சொல்லியிருக்கலாம். இனிமே முடியாது. ஒரு வரி சேத்துடுங்க.

ரேக்ளா_ராசா

அவன் டாக்டர் சொன்னது சரின்னு யாரு சொன்னா? இன்னொரு டாக்டர் வந்தா வேற சொல்லுவாரு.

லாடம்_பெருந்துறை

ராசா சொல்றதுல ஞாயம் இருக்கு. "மூட்டுத் தேய்மானம்"னு எழுதாத, அது முடிவாகலை. "ஒரு டாக்டர் மடக்கிப் பாத்தப்ப பின் இடது காலை கொஞ்சம் இழுத்துச்சு"ன்னு பாத்ததை மட்டும் எழுது. வெலையில பத்து கொறை.

தோட்டத்துக்காரன்_கோபி

அப்படியே எழுதி 1,15,000 போட்டேனுங்க. ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பு வெச்சிருக்கறவர் பேசியிருக்காரு. முன்னாடியே ஒரு குதிரை வெச்சிருக்காரு, அதுக்குத் தொணை வேணுமாம். காலையில தோப்பைச் சுத்தி வர்றதுதான் வேலை. பத்து நாள் வெச்சுப் பாத்துட்டுச் சொல்றேங்கறாரு. விடலாமுங்களா?

மதுரை_வக்கீல்

விடலாம், ஆனா எழுதி வாங்கிட்டு விடுங்க. பார்த்துப் பிடிச்சா எடுத்துக்கறதுன்னு குடுத்தா, பிடிச்சிருக்குன்னு சொல்ற வரைக்கும், இல்லாட்டி கெடு தாண்டற வரைக்கும் குதிரை உங்களுதுதான். பொருள் யாருதோ நஷ்டமும் அவருதுன்னுதான் சட்டம். அதனால அந்தப் பத்து நாள்ல வயித்து வலி வந்து செத்தா யாருக்கு நஷ்டம், வைத்தியச் செலவு யாருது, எத்தனை மணி நேரம் ஓட்டலாம், பிடிக்கலைன்னா திரும்ப ஏத்தற வண்டி வாடகை யாருது – நாலையும் எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து. பணத்தை முழுசா வாங்கி வெச்சுக்குங்க, திருப்பித் தர்ற நிபந்தனையோட.

கால்நடை_நாமக்கல்

ஒரு மூட்டை பழைய தீனியும், கொஞ்சம் காய்ந்த புல்லும் கூடவே அனுப்புங்கள். ஊர் மாறி, தண்ணீர் மாறி, தீனியும் ஒரே நாளில் மாறினால் வயிற்று வலி வரலாம். பழையதோடு புதியதைக் கலந்து, ஒரு வாரம் பத்து நாளில் மாற்றச் சொல்லுங்கள். டெட்டனஸ் ஊசி போட்ட தேதி, குடற்புழு மருந்து கொடுத்த தேதி எழுதிய சீட்டையும் கொடுத்துவிடுங்கள்.

தோட்டத்துக்காரன்_கோபி

முடிஞ்சுதுங்க. 1,10,000, சேணம் கடிவாளத்தோட. பத்து நாள் கெடு முடியறதுக்கு முன்னாடியே போன் பண்ணி எடுத்துக்கறேன்னுட்டாரு. லாடத்துக்கு ரெண்டாள் வேணும்னு எழுதுனது நல்லதாப் போச்சாம், இல்லாட்டி அவங்க லாடக்காரர் ஒதை வாங்கியிருப்பாராம்.

ரேக்ளா_ராசா

1.60க்கு வித்துக் குடுத்திருப்பேன். தரகு போக 1.50 கையில.

அடையாறு_சவாரி

அடுத்த வாரமே அந்த ஆள் ஸ்கேன் எடுத்துட்டு உங்க வாசல்ல நின்னிருப்பார், ராசா சார்.

ரேக்ளா_ராசா

எங்க வாசல் எங்கன்னு அவனுக்கு எப்படித் தெரியும்? 😎

புதுக்குதிரை

கோபி அண்ணா, வித்தாச்சுன்னு சொல்றீங்க, விளம்பரம் இன்னும் ஓடிட்டு இருக்கே. நான் இப்பதான் என் மாமாவுக்கு லிங்க் அனுப்பினேன், அவர் கார் எடுத்துட்டுக் கிளம்பறேங்கறார்.

தோட்டத்துக்காரன்_கோபி

ஐயோ, நிறுத்துங்க அவரை. இந்தா, எடுத்துட்டேனுங்க.